தக்காளி அறையில் வைத்த விதை

சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அந்த வயலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கேட்காமல் கொள்ளாமல் வரப்பில் இறங்கி, நின்றும் உட்கார்ந்தும் எடுத்தது. வெங்காயத் தாள்களுக்கு நடுவிலிருந்து முழங்காலுக்கு மேல் உயரமாகத் தண்டுகள் கிளம்பியிருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் வெள்ளைப் பந்து போல ஒரு பூ. காற்று அடித்தால் வயல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

வரப்பில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்த மாப்பிள்ளைப் பையன் கேட்டான். "இது என்ன பூங்கண்ணா?"

"வெங்காயம்."

"வெங்காயம் இவ்ளோ அழகா பூக்குமா?"

"பூக்கக் கூடாது" என்றார் அவர். "எடுத்தாச்சுன்னா கிளம்புங்க. தேனீ இருக்கு."

அவரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் விதைக்காரர் என்றுதான் சொல்வார்கள். சின்ன வெங்காயத்தில் காயையே விதையாக ஊன்றுகிறார்கள். ஓர் அறுவடையில் எடுத்ததில் நல்லதைப் பொறுக்கி, அடுத்த நடவு வரை சுருங்காமல், முளைக்காமல், அழுகாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று வயலோரத்தில் மூங்கில் தப்பைகளை இடைவெளி விட்டு அடித்து, தரையிலிருந்து முழ உயரம் தூக்கி, அவர் ஒரு பட்டறை போட்டிருந்தார். நாலு பக்கமும் காற்று நுழையும். அந்தப் பட்டறைக் காய்க்கு ஒரு பேர் இருந்தது. நடவுக்கு முன்னால் ஆட்கள் வந்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கண்ணே" என்பார்கள். அவர் உடனே சரி சொல்ல மாட்டார். "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே அவர் வருஷம் முழுக்க உழைத்த மாதிரி இருக்கும்.

முந்தின வருஷம் காற்றில் ஈரம் விடவே இல்லை. மழை பெய்தாலாவது நின்றுவிடும். இது பெய்யாமல் ஊறிக்கொண்டே இருந்தது. பட்டறையில் காய் கறுத்து, கசிந்து, அடியிலிருந்து நாற்றம் கிளம்பியது. விதைக்காரரின் மனைவி காலையில் வீட்டு வேலை முடிந்ததும் அங்கே குந்தி உட்கார்ந்து, அழுகினதைத் தனியாகவும் முளைத்ததைத் தனியாகவும் பிரிப்பாள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. சோற்றில் கை வைத்தால் அந்த வாடைதான் முதலில் வரும். பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. தலையைச் சொறிந்துகொண்டு வந்தவர்கள் சும்மா திரும்பிப் போனார்கள்.

இந்த வருஷமும் வானம் அதே மாதிரி மூட்டம் போட்டபோது அவள் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, என் தம்பிகிட்ட வைக்கலாம்ல. உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் அங்கதானே வைக்கிறாங்க."

"ஐஸ்கிட்டயா?"

அவள் தம்பி ஊருக்கு வெளியே இருந்த குளிர்பதனக் கிடங்கில் ஆப்பரேட்டர். எந்த அறையில் எத்தனை டிகிரி, எந்த மெஷினை எப்போது நிறுத்துவது என்பது அவன் பொறுப்பு. வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு திரிவான். பெற்றவர்கள் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. லீவு நாளில் அக்கா வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான்; அவனுக்கு வீடு என்று இருந்தது அதுதான். மாமா அவனை 'ஐஸ்' என்பார். "வாடா ஐஸ், உருகறதுக்குள்ள சாப்பிடு" என்பார். அவன் சிரித்துக்கொள்வான். அவரிடமிருந்து வேறு எதுவும் அவனுக்குக் கிடைத்ததில்லை. அதனால் கிடைத்ததை வாங்கிக்கொண்டான்.

"ஆமா, அவன்கிட்டதான்" என்றாள் அவள். "வாடகை குடுத்து வைக்கப் போறோம். கையேந்தியா நிக்கப் போறோம்?"

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு விதைக்காரர் சம்மதித்தார்.

மினி லாரியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூட்டை மேல் தார்ப்பாய் பறக்காமல் பிடித்துக்கொள்ள அவளும் போனாள். கிடங்கு வாசலில் தம்பி நின்றிருந்தான். தலையை வாரி, சட்டை மாற்றியிருந்தான். மாமா தன்னிடம் ஒரு காரியமாக வருவது இதுதான் முதல் தடவை.

கடைசி அறையின் கதவை அவன் இழுத்துத் திறந்தான். கதவின் கனம் ஒரு சாண் இருக்கும். உள்ளேயிருந்து குளிர் புகை மாதிரி வெளியே வந்தது. விதைக்காரர் ஓர் அடி வைத்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இதுக்குள்ளயா வைக்கப் போற?"

"ஆமா மாமா. வெங்காயத்துக்குப் பூஜ்ஜியம்தான். ஈரம் இல்லாம வெச்சா அப்படியே கிடக்கும்."

"மனுஷனையே வெச்சா அப்படியே கிடப்பான். பொணத்தை அப்படித்தானே வைக்கிறாங்க."

"இல்ல மாமா, எல்லா இடத்துலயும்..."

"எல்லா இடத்துலயும் திங்கற வெங்காயம் வெப்பான்டா. இது விதை. உள்ள கரு இருக்கு. நீ ஐஸ்ல போட்டுக் கொன்னுட்டா மறுபடி நான் எங்க போறது?" பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் தலையை விட்டார். தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்தன. ஏரிக்கரையில் விடிகாலையில் நிற்கிற மாதிரி இதமான குளிர். "இது எவ்ளோ?"

"இது பன்னெண்டு. தக்காளிக்கு வெச்சது."

"இது போதும். சூடும் இல்ல, சில்லுனும் இல்ல. தொட்டில்ல போட்ட மாதிரி தூங்கும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த அவள், அவர் சொல்கிறபடி செய்யேன் என்கிற மாதிரி தலையை அசைத்தாள். வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

"வெங்காயத்தை இதுல வைக்கிறது வழக்கம் இல்ல மாமா."

"நீ மெஷினைப் பாத்துக்க மாப்ளே. விதையை நான் பாத்துக்கறேன்."

மாப்ளே என்று அவர் கூப்பிட்டதே இல்லை. தம்பி மூட்டைகளைத் தக்காளி அறைக்குத் திருப்பச் சொன்னான்.

நடவுக் காலத்தில் எடுத்தபோது காய் கல்லு மாதிரி இருந்தது. ஒன்றுகூட அழுகவில்லை, சுருங்கவில்லை. விதைக்காரர் ஒரு காயைக் காதருகே வைத்து அமுக்கிப் பார்த்து, "பாத்தியா?" என்றார் மனைவியிடம். அந்த வாரம் மண் நல்ல பதத்தில் இருந்தது. மறுபடி மழை பிடித்தால் பாத்தி கட்ட முடியாது என்று, இறக்கின கையோடு ஆள் விட்டு ஊன்றினார். அதிலும் குண்டு குண்டான காயாகப் பொறுக்கி ஊன்றினார். "தாய் திடமா இருந்தாத்தான் புள்ளை திடமா இருக்கும்" என்று நடவுப் பெண்களிடம் சொன்னபோது, ஒருத்தி, "எங்க வீட்டுக்காரர் வந்து இதைக் கேக்கணும், எனக்கு ஒரு டம்ளர் பால் வாங்கித் தர மாட்டேங்கறார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வேர் பிடித்து, தாள் பச்சைப் பசேலென்று கிளம்பியது. களை எடுத்தார்கள், உரம் வைத்தார்கள். அடியில் காய் பருக்க வேண்டிய நேரத்தில் அங்கங்கே ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. அவள் ஒடித்துப் போட்டாள். எந்த வயலிலும் நாலைந்து இப்படி வருவதுண்டு. மறுநாள் ஒரு பாத்தி முழுக்க வந்தது. பிறகு ஒடிக்கிற வேகத்தை விட வருகிற வேகம் அதிகமானது. ஆள் விட்டு ஒடித்தார்கள். ஒடித்த இடத்தில் வெள்ளைச் சாறு வடிந்து, கையெல்லாம் பிசுபிசுத்து, கண் எரிந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார் விதைக்காரர். காய் இருக்க வேண்டிய இடத்தில் தண்டின் அடி விறகுக் குச்சி மாதிரி தடித்து, அதைச் சுற்றி இரண்டு மூன்று தோல். அவ்வளவுதான்.

ஒடிப்பதை நிறுத்தினார்கள். பூ வந்தது. படம் எடுக்க ஆட்களும் வந்தார்கள்.

வேளாண்மை அலுவலர் ஒரு சின்ன வயசுப் பெண். ஸ்கூட்டரை மேட்டில் நிறுத்திவிட்டு, பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வயலில் இறங்கினாள். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் கூடவே வந்து நின்றார்கள். ஒருவர் கஷ்டத்தில் இருக்கும்போது பார்க்கப் போவது மரியாதை. இதில் வேடிக்கையும் இருந்தது. விதைக்காரர் வயலே இப்படி ஆகிறதென்றால் அவர்களுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் ஆறுதல்.

அலுவலர் நாலைந்து செடியைப் பிடுங்கி, நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"காயை எங்க வெச்சிருந்தீங்க?"

"கிடங்குல. ஏசி கிடங்குல."

"எத்தனை டிகிரி?"

விதைக்காரர் வரப்புப் பக்கம் திரும்பினார். அவர் மனைவி, "என் தம்பிதான் அங்க ஆப்பரேட்டர், வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். அவன் அப்போதுதான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். பூவைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"பன்னெண்டு மேடம்" என்றான்.

"அதான்." அலுவலரின் குரலில் கோபமெல்லாம் இல்லை. "வெங்காயத்துக்குக் காலண்டர் தெரியாது. குளிர்தான் அதுக்குக் கணக்கு. இந்த மாதிரி நடுத்தரக் குளிர்ல மாசக்கணக்குல கிடந்தா, குளிர்காலம் வந்துட்டுப் போயிடுச்சுன்னு உள்ளுக்குள்ள முடிவு பண்ணிக்கும். அப்புறம் மண்ணுல வெச்சதும் பூக்கற வேலையைத்தான் பாக்கும். காய் கட்டாது. பெரிய காயா பொறுக்கி நட்டீங்களா?"

"ஆமா" என்றார் விதைக்காரர்.

"அதுல இன்னும் சீக்கிரம் வரும். பொடிக் காய்ல அவ்வளவா வராது. எடுத்த பிறகு சூடான இடத்துல கொஞ்ச வாரம் பரப்பி வெச்சிருந்தாக்கூட அந்த ஞாபகம் கலைஞ்சிருக்கலாம்."

"ஈரம் பதமா இருந்துச்சு. உடனே ஊனிட்டோம்."

"பழைய மாதிரி பட்டறையிலயே வெச்சிருந்தா கொஞ்சம் அழுகியிருக்கும், இது வந்திருக்காது. பூஜ்ஜியத்துல வெச்சிருந்தாலும் இவ்வளவு வந்திருக்காது. ரெண்டும் இல்லாம நடுவுல வெச்சிருக்கீங்க. யாரு பன்னெண்டுல வைக்கச் சொன்னது?"

தம்பி மாமாவைப் பார்த்தான். விதைக்காரர் குனிந்து ஒரு பூவைப் பிடித்து, அதில் இல்லாத எதையோ தேடினார். அவர் மனைவி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்வார் என்று நினைத்தாள். சுற்றி நின்றவர்களின் முகங்களையும் பார்த்தாள். தலையைச் சொறிந்துகொண்டு வந்தவர்கள் இவர்கள்தான். அவள் வாய் திறக்கவில்லை.

"நான்தான் மேடம்" என்றான் தம்பி. "எனக்குத் தெரியல."

"ஆப்பரேட்டருக்கு இது தெரிய வேணாமா?" என்றார் பக்கத்து வயல்காரர். "எங்க உருளைக்கிழங்கெல்லாம் அங்கதானே இருக்கு."

"தெரிஞ்சிருக்கணும்ண்ணே" என்றான் அவன்.

போகும்போது அவன் மாமாவிடம், "வரேன் மாமா" என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

டீக்கடையில் விதைக்காரர் முதல் தடவை சொன்னபோது, "மச்சான் வெச்சிருக்கான், பாவம், தெரியாம" என்றுதான் சொன்னார். அடுத்த தடவை, "நான் கேக்காமலா இருந்தேன், கேட்டேன்" என்றார். அப்புறம், "நான் அப்பவே வேணாம்னேன், பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வெச்சேன்" என்று ஆனது. சொல்லச் சொல்ல அதில் ஒரு தெளிவு வந்தது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவரே அதை நம்பிவிட்டார் போலத்தான் இருந்தது.

பேச்சு கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தது. நாலைந்து பேர் தங்கள் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போக வந்தார்கள். முதலாளி சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு தம்பியை மெஷின் அறையிலிருந்து மாற்றி லோடு வேலைக்கு விட்டார். அவன் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அவள் போன் செய்தால், "வேலை ஜாஸ்திக்கா" என்றான். பின்னால் யாரோ மூட்டையை இறக்குகிற சத்தம் கேட்கும்.

ஒரு மத்தியானம் விதைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ரசம் ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள்.

"அவனை மூட்டை தூக்க விட்டுட்டாங்களாம்."

"ம்."

"நீங்க போய் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன வார்த்தை?"

"நீங்க சொல்லித்தான் அவன் வெச்சான்னு."

அவர் சோற்றைப் பிசைந்தார். "அவனே சொன்னானே, நான்தான்னு. நானா சொல்லச் சொன்னேன்?"

"நீங்க வாயைத் திறக்கலைன்னுதான் அவன் சொன்னான்."

"நீயும்தான் நின்ன. உன் வாயை யாரு தெச்சு வெச்சது?"

அவள் ரசத்தை ஊற்றினாள். அவர் குரலைத் தணித்து, "அவன் சம்பளக்காரன்டி. இந்தக் கிடங்கு இல்லைன்னா இன்னொண்ணு. எனக்கு இந்தப் பேரை விட்டா என்ன இருக்கு? நாளைக்கு ஒருத்தன் என்கிட்ட விதை கேட்டு வருவானா?" என்றார்.

அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு எரிச்சலாக இருந்தது. அவர் கை கழுவிவிட்டு வயலுக்குப் போனதும் அவள் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிடங்கு முதலாளி மாடியில், கண்ணாடி போட்ட அறையில் இருந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி அறைக் கதவைத் திறந்தது, பூஜ்ஜியம் என்று தம்பி சொன்னது, புருஷன் மறுத்தது, வழக்கம் இல்லை என்று தம்பி இன்னொரு தடவை சொன்னது. "நான் பக்கத்துலயே நின்னேன் ஐயா. அவனுக்குத் தெரியும். அவன் மேல தப்பு இல்ல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியாம வெச்சுட்டான்னு என்கிட்ட சொன்னான். சரி, தெரியாதவன் கத்துக்குவான்னுதான் நான் வேலையை விட்டு அனுப்பாம வெச்சிருக்கேன்."

"தெரியும் ஐயா அவனுக்கு."

"அதைத்தான்மா நீங்க சொல்லி நானும் இப்ப கேட்டேன். தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும், மாமா சொன்னாருன்னு மாத்தி வெச்சிருக்கான். தக்காளி ரூம்ல வெங்காயத்தைப் போட்டா தக்காளிக்காரன் சரக்கும் கெடும். அதுவும் அவனுக்குத் தெரியும். அப்புறம் என்கிட்ட வந்து பொய்யும் சொல்லியிருக்கான்."

"சொந்தக்காரங்கன்னு..."

"இந்த ஊர்ல அவனுக்கு எத்தனை சொந்தக்காரங்கம்மா? ஒவ்வொருத்தரும் ஒரு டிகிரி சொன்னா நான் கிடங்கு நடத்த முடியுமா?"

அவள் எழுந்து நின்றாள். "நான் சொன்னதை மறந்துடுங்க ஐயா" என்றாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க" என்றார் அவர். "போயிட்டு வாங்க."

கீழே லாரியில் உருளைக்கிழங்கு ஏறிக்கொண்டிருந்தது. தம்பி தலைத்துண்டோடு, ஸ்வெட்டர் இல்லாமல், வேர்த்து விறுவிறுத்து நின்றான். அவளைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்தான்.

"என்னக்கா இந்தப் பக்கம்? சாப்டியா?"

"ம். நீ இளைச்சுட்டே."

"வெயில்ல வேலை செஞ்சா உடம்புக்கு நல்லதுக்கா. இருமல் போயிடுச்சு பாரு." தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு பழைய மாதிரியே இருந்தது. "முதலாளி நல்ல மாதிரிதான்க்கா. ஊர் வாய் அடங்கட்டும், அடுத்த சீசனுக்கு மெஷின் ரூமுக்கே போயிடுன்னு சொல்லியிருக்காரு. நேத்துதான் சொன்னாரு. மாமாகிட்ட சொல்லு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளில் ஒட்டியிருந்த சணல் நாரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நான் இப்ப அவரைத்தான்டா பாத்துட்டு வரேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எதை?"

"மாமா சொல்லித்தான் நீ வெச்சேன்னு. உனக்குத் தெரியும்னு."

அவன் அவள் கையைத் தோளிலிருந்து மெதுவாக விலக்கினான். துண்டை உதறி மடித்தான். இன்னொரு தடவை உதறி மடித்தான்.

"அன்னைக்கு வயல்ல சொல்லியிருந்தீன்னா அது எனக்காகன்னு இருக்கும்" என்றான். "இன்னைக்கு நீ உனக்காகச் சொல்லியிருக்க."

"இல்லடா..."

மாடிப்படியிலிருந்து ஆபீஸ் ஆள் எட்டிப் பார்த்து, "உன்னை மேல கூப்பிடறாங்க" என்றான்.

"வரேண்ணே." அவன் துண்டை மூட்டை மேல் வைத்துவிட்டு, குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, சட்டைப் பட்டனைப் போட்டபடி படியேறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் லாரியின் நிழலில் ஒதுங்கி நின்றாள். கிடங்கின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து குளிர் தரையோடு தரையாக வந்து அவள் காலைத் தொட்டது. வெகுநேரம் கழித்து டிரைவர் முன்பக்கத்திலிருந்து இறங்கி வந்து, பாதி ஏறியிருந்த லோடைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க மூட்டை தூக்கிட்டு இருந்தவன் எங்க?"

"மேல போயிருக்கான்."

"வருவான்ல? கிழங்கு வெயில்ல கிடக்குது."

அவள் குனிந்து, அவன் இறக்கி வைத்த மூட்டையை நிழலுக்கு இழுக்கப் பார்த்தாள். அது அசையவில்லை.